வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் கருமுட்டையும்: டர்பன் பக்கம் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று எங்கிருந்து வந்தாலும், ஐ.வி.எஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும்) சிகிச்சையில் இருக்கும் தம்பதிகளும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். "ஒரு ஊசி கூடப் போட்டா முட்டை நல்லா வருமாம்" என்ற பேச்சிலிருந்து தொடங்குகிறவை அவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். இதைப் படித்துவிட்டு நீங்களாக மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

1. வளர்ச்சி ஹார்மோன்னா பிள்ளைங்களுக்கு உயரம் கூட்டப் போடுற ஊசிதானே? அதுக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம்?

அதே ஊசிதான். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதி சுரக்கும் புரதம் இது. 191 அமினோ அமிலங்கள் கோத்தது. ஊசி மருந்தாக வரும்போது அதன் பெயர் சோமாட்ரோபின். உயரம் நின்றுபோன பிறகும் இந்தச் சுரப்பு நிற்பதில்லை. கொழுப்பைக் கரைப்பது, தசையையும் எலும்பையும் காப்பது, சர்க்கரையின் போக்கை மாற்றுவது என்று ஆயுள் முழுக்க அதற்கு வேலை இருக்கிறது. வயது ஏற ஏறச் சுரப்பு குறையும்.

கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்க வைப்பது இதன் முக்கிய வேலைகளில் ஒன்று. சினைப்பையில் நடப்பதில் ஒரு பகுதி இந்த ஐ.ஜி.எஃப்-1 மூலமாகத்தான்.

2. அப்போ போட்டா நானும் வளர்வேனா? மீசை முளைக்குமா?

இரண்டும் இல்லை. எலும்பு முனைகள் மூடிய பிறகு உயரம் கூடாது. இது ஆண் ஹார்மோனும் அல்ல, அதனால் முகத்தில் முடி முளைக்காது. சில வாரங்கள் போடும் அளவில் கை, கால், தாடை பெருப்பதும் இல்லை. அது பல வருடங்கள் இந்த ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் நோயில் வருவது.

3. சினைப்பைக்குள்ள போய் அது என்னதான் செய்யுது?

ஒவ்வொரு கருமுட்டையும் ஃபாலிக்கிள் என்ற நீர்ப்பைக்குள் வளர்கிறது. முட்டையைச் சுற்றி கிரானுலோசா செல்கள், அதற்கு வெளியே தீகா செல்கள். இவற்றின் மேலும் முட்டையின் மேலுமே வளர்ச்சி ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன. ஹார்மோன் அங்கே ஒட்டும்போதும், ஐ.ஜி.எஃப்-1 கூடும்போதும், கிரானுலோசா செல்கள் எஃப்.எஸ்.எச் என்ற, ஃபாலிக்கிளை வளரத் தூண்டும் ஹார்மோனுக்கு இன்னும் நன்றாகச் செவிசாய்க்கின்றன. ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பும் கூடுகிறது. ஐ.வி.எஃப்-இல் தினமும் போடும் ஊசி எஃப்.எஸ்.எச்தான் என்பதால், அதே ஊசிக்குச் சினைப்பை கூடுதலாகப் பதில் சொல்லும் என்பதே அடிப்படை எண்ணம். பிட்யூட்டரி வேலை செய்யாத பெண்களுக்கு இதைச் சேர்த்துக் கொடுத்தபோது குறைந்த எஃப்.எஸ்.எச் அளவிலேயே ஃபாலிக்கிள் வளர்ந்ததை 1988 வாக்கிலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த ஹார்மோன் இல்லாவிட்டால் கர்ப்பமே இல்லை என்று நினைக்க வேண்டாம். லாரோன் நோய்க்குறி உள்ளவர்களுக்குப் பிறவியிலேயே இதற்கான ஏற்பி வேலை செய்யாது. அப்படிப்பட்ட பெண்களும் தாயாகியிருக்கிறார்கள். உதவிக்கு நிற்கும் ஹார்மோன் இது. வாசல் திறக்கும் சாவி அல்ல.

4. இரத்தத்தில வளர்ச்சி ஹார்மோன் குறைவுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அதான் எனக்குக் குழந்தை இல்லையா?

ஒரே ஒரு தடவை எடுத்த இரத்தத்தில் இந்த ஹார்மோனின் அளவு எதையும் சொல்லாது. அது விட்டு விட்டுத்தான் சுரக்கும். பெரிய சுரப்பு இரவு ஆழ்ந்த தூக்கத்தில். காலை 10 மணிக்கு ஊசி குத்தினால் ஆரோக்கியமான பெண்ணுக்கும் ஏறக்குறைய பூஜ்யம் வரலாம். வயதுக்கேற்ற அளவோடு ஒப்பிட்ட ஐ.ஜி.எஃப்-1தான் முதல் படி. அதுவும் குறைவாக இருந்தால், எண்டோகிரைன் (ஹார்மோன்) மருத்துவர் மேற்பார்வையில் சுரப்பைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை செய்வார்கள்.

உண்மையான குறைபாடு இருப்பவர்கள் மிகச் சிலரே. முந்தைய பிரசவத்தில் அதிக உதிரப்போக்கு ஏற்பட்டு, அதன் பிறகு தாய்ப்பாலும் சுரக்காமல் மாதவிலக்கும் திரும்பாமல் போயிருந்தால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஷீஹன் நோய்க்குறி என்று அதற்குப் பெயர்; பிட்யூட்டரியே சேதமாகியிருக்கும். பிட்யூட்டரிக் கட்டி, தலையில் கதிர்வீச்சு ஆகியவையும் அப்படித்தான். இவர்களுக்கு இந்த ஊசி உரிய மருந்து. மற்றவர்களுக்கு அது ஐ.வி.எஃப்-இல் ஒரு கூடுதல் சேர்க்கை மட்டுமே.

5. ஏ.எம்.எச் குறைவுன்னு சொல்லித்தான் எனக்கு இதை எழுதியிருக்காங்க. எவ்வளவு இருந்தா குறைவு?

சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டை இருப்பைக் கணிக்க இரத்தத்தில் பார்க்கும் ஹார்மோன் ஏ.எம்.எச். முதலில் அலகைப் பாருங்கள். ஏ.எம்.எச்-ஐச் சில ஆய்வகங்கள் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று தருகின்றன, சில லிட்டருக்குப் பிகோமோல் என்று தருகின்றன. முதலாவதை 7.14-ஆல் பெருக்கினால் இரண்டாவது. சென்னையில் இருக்கும் அக்காவுக்கு 1.2, உங்களுக்கு 8.5 என்றால் இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள். இந்தக் குழப்பத்தால் தேவையில்லாமல் அழுதவர்களும் உண்டு, தேவையில்லாமல் நிம்மதியாக இருந்தவர்களும் உண்டு.

'குறைந்த முட்டை தருபவர்' என்று சொல்ல 2011-இல் வகுத்த பொலோனியா அளவுகோலின்படி மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும்: வயது 40 அல்லது அதற்கு மேல் (அல்லது சினைப்பையைப் பாதிக்கும் வேறு காரணம்); வழக்கமான அளவு ஊசி போட்டும் முன்பு 3 அல்லது அதற்குக் குறைவான முட்டை; ஏ.எம்.எச் 0.5 முதல் 1.1 நானோகிராமுக்குக் கீழே, அல்லது ஸ்கேனில் எண்ணும் சிறு ஃபாலிக்கிள்கள் 5 முதல் 7-க்குக் கீழே. 2016-இல் வந்த பொசைடன் வகைப்பாடு வயதுக்கு 35, ஏ.எம்.எச்-க்கு 1.2, ஃபாலிக்கிளுக்கு 5 என்று கோடு போட்டு நான்கு குழுவாகப் பிரிக்கிறது. உங்கள் மருத்துவர் எந்த அளவுகோலில் உங்களை எங்கே வைக்கிறார் என்று கேளுங்கள். ஏ.எம்.எச் ஒன்றை மட்டும் வைத்து இந்த ஊசியை முடிவு செய்வது சரியல்ல.

6. சுத்தி வளைக்காம சொல்லுங்க. போட்டா குழந்தை கிடைக்குமா?

முட்டை எண்ணிக்கை வேறு, கர்ப்பம் வேறு, உயிரோடு பிறக்கும் குழந்தை வேறு. இந்த ஊசியைப் பற்றிய பேச்செல்லாம் முதல் இரண்டில்தான் நடக்கிறது. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2021-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 16 சோதனைகளை, 1,352 பெண்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. குறைந்த முட்டை தருபவர்களுக்கு எடுத்த முட்டையின் எண்ணிக்கையும் கர்ப்ப விகிதமும் சற்றே கூடுகின்றன. ஆனால் குழந்தைப் பிறப்பு கூடுகிறதா என்பது உறுதியில்லை என்றது. வழக்கமான அளவில் முட்டை தருபவர்களுக்கு எதிலுமே உறுதியான பலன் தெரியவில்லை.

கூடுதல் கவனத்தோடு நடந்த சோதனைகளில் ஒன்று, 2019-இல் முடிவு வெளியான 'லைட்'. ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் சேர்ந்த 130 பெண்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று ஊசி என்பது அவர்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. தினம் 12 யூனிட். குழந்தை பிறந்தது மருந்துக் குழுவில் 14.5 சதவீதம், வெற்று ஊசிக் குழுவில் 13.7 சதவீதம். திட்டமிட்ட அளவுக்கு ஆள் சேராததால் சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் பலம் அந்தச் சோதனைக்கு இல்லை. ஆனால் பெரிய வித்தியாசம் ஏதும் கண்ணில் படவும் இல்லை.

ஐரோப்பிய மனித இனப்பெருக்கக் கழகத்தின் சினைப்பைத் தூண்டல் வழிகாட்டியும் குறைந்த முட்டை தருபவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. எங்கள் கருத்தும் அதுதான்: எல்லோருக்கும் எழுதும் மருந்து இது அல்ல. நல்ல எஃப்.எஸ்.எச் அளவிலும் முட்டை வராதவர்கள், சர்க்கரை இல்லாதவர்கள், இந்தச் செலவால் அடுத்த சுற்று கைவிட்டுப் போகாதவர்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். இதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

7. முதல் ஐ.வி.எஃப்லயே சேர்த்துப் போட்டா நல்லதுதானே? எதுக்கு ரிஸ்க்?

போடாமல் இருப்பதில் ரிஸ்க் இல்லை. உங்கள் சினைப்பை ஊசிக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதை முதல் சுற்றுதான் காட்டும். நல்ல முட்டை வரும் பெண்ணுக்கு இதைச் சேர்ப்பதில் 6-ஆம் பதிலில் சொன்னபடி பலன் தெரியவில்லை. செலவும் பக்கவிளைவும் மட்டும் நிச்சயம்.

8. எனக்கு பி.சி.ஓ. நாத்தனாருக்குக் கொடுத்தாங்களே, எனக்கும் கேட்கலாமா?

வேண்டாம். பி.சி.ஓ என்றால் சினைப்பை நிறையச் சிறு நீர்ப்பைகளோடு இருப்பது; உங்கள் சினைப்பையில் ஃபாலிக்கிள்கள் ஏராளம். உங்களிடம் மருத்துவர் பயப்படுவது முட்டை குறைவதற்கு அல்ல, அளவு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோப்பதற்கு. பி.சி.ஓ உள்ள பலருக்கு ஏற்கெனவே இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. இந்த ஊசி அதை இன்னும் கெடுக்கும்.

9. வயசு 43. முட்டையோட தரத்தை இது இளமையாக்கும்னு சொல்றாங்களே?

உங்கள் முட்டைகள் நீங்கள் தாய் வயிற்றில் இருந்தபோதே உருவாகி, பாதிப் பிரிவில் நின்று காத்திருப்பவை. வருடங்கள் கூடக் கூட, கடைசிப் பிரிவின்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவது அதிகமாகிறது. கரு ஒட்டாததற்கும் கரு கலைவதற்கும் இந்த வயதில் பெரிய காரணம் இதுவே. முட்டையின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்கு வளர்ச்சி ஹார்மோன் உதவலாம் என்ற ஆய்வுக்கூட முடிவுகள் உண்டு. அதிலிருந்து 'முட்டை இளமையாகும்' என்று சொல்வது பெரிய தாவல். வயதால் வந்த குரோமோசோம் பிழையை எந்த ஊசியும் திருத்துவதாக நிரூபணம் இல்லை.

10. ஒருத்தருக்கு 4 யூனிட், இன்னொருத்தருக்கு 12 யூனிட்னு எழுதுறாங்க. எது சரி?

ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரே அளவு கிடையாது. அதுவே இந்தச் சிகிச்சையின் பலவீனங்களில் ஒன்று. பொதுவாக இரண்டு வழிகள். ஒன்று, எஃப்.எஸ்.எச் தொடங்கும் நாளிலிருந்து முட்டை முதிர்வு ஊசி வரை, ஏறக்குறைய 10 முதல் 12 நாள், தினம் 4 முதல் 12 யூனிட். இன்னொன்று, அதற்கு முந்தைய வாரங்களிலேயே குறைந்த அளவில் ஆரம்பிப்பது. சிறு ஃபாலிக்கிள் முதிர்ந்து வெளியேற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், ஆகவே கடைசி இரண்டு வாரம் போதாது என்பது முன்கூட்டித் தொடங்குபவர்களின் வாதம். கேட்க நியாயமாக இருக்கிறது. இது மற்றதைவிட அதிகக் குழந்தை தருகிறது என்பதற்குத் திடமான சான்று இல்லை.

வாங்குமுன் கணக்குப் போடுங்கள். 1 மில்லிகிராம் என்றால் 3 யூனிட். தினம் 8 யூனிட் 12 நாளுக்கு 96 யூனிட், அதாவது 32 மில்லிகிராம். 10 மில்லிகிராம் பேனா ஊசி நான்கு வேண்டும். தினம் 4 யூனிட் ஆறு வாரத்துக்கு 168 யூனிட், 56 மில்லிகிராம். அதே பேனா ஆறு. சீட்டில் யூனிட், பேனாவில் மில்லிகிராம் என்று இருக்கும்போது மாற்றித் திருகிவிட்டால் மூன்று மடங்கு மருந்து ஏறிவிடும். முதல் நாள் நர்ஸ் முன்னிலையில் போடுங்கள்.

11. வீட்டிலேயே போடலாமா? எஃப்.எஸ்.எச் ஊசியோட கலந்துடலாமா?

வீட்டில் போடலாம், கலக்கக் கூடாது. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி, அல்லது தொடையில், தோலுக்கடியில் போடுங்கள். எஃப்.எஸ்.எச் வலப்பக்கம் என்றால் இது இடப்பக்கம். தினம் இடத்தை மாற்றுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் தோலடிக் கொழுப்பு குழியாகும். இரவு படுக்கும் முன் போடச் சொல்வது இயற்கைச் சுரப்பை ஒட்டி. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள், கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

பொடியாக வரும் குப்பியென்றால், கரைப்பான் நீரைக் குப்பியின் சுவர் வழியாக மெல்ல இறக்கி, உள்ளங்கையில் வைத்துச் சுழற்றுங்கள். குலுக்காதீர்கள், குலுக்கினால் புரதம் சிதைந்து நுரைக்கும். கலங்கலாக இருந்தாலோ துகள் மிதந்தாலோ பயன்படுத்த வேண்டாம். ஊசி முனைகளைக் குப்பைப் பையில் போடாமல், கிளினிக் தரும் கெட்டி டப்பாவில் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். குப்பை எடுப்பவர்களுக்கும் கை இருக்கிறது.

12. கரண்ட் போயிடுது. ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ஊசி கெட்டுப்போகுமா?

திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். இரண்டு மணி, நான்கு மணி லோட் ஷெடிங்குக்குப் பயப்பட வேண்டாம். ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் நிற்கும். மருந்தைக் கதவுத் தட்டில் வைக்காமல் நடுத்தட்டில், பின் சுவரைத் தொடாமல் வையுங்கள். மின்வெட்டைவிட அதிகம் மருந்தைக் கெடுப்பது உறைதல்தான்: பயந்துபோய் ஃப்ரீசரில் வைப்பது, ஐஸ் கட்டியை நேரே ஒட்டி வைப்பது. ஒருமுறை உறைந்த புரதம் உருகியபின் தெளிவாகத் தெரிந்தாலும் வேலைக்காகாது.

திறந்த பேனாவைச் சில தயாரிப்புகளில் 25 டிகிரிக்குக் கீழ் சில வாரம் வெளியே வைக்கலாம், சிலவற்றில் கூடாது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கும். ஆனால் கோடைகாலமான ஜனவரி மாத டர்பனில், அதுவும் நிறுத்திவைத்த காருக்குள், 25 டிகிரி என்பது கிடையாது. மருந்துக் கடையிலிருந்து கூலர் பையில், ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, நேராக வீட்டுக்கு வாருங்கள்.

13. அம்மா, அப்பா, பாட்டி எல்லாருக்கும் சர்க்கரை. எனக்கு இன்னும் இல்லை. போடலாமா?

நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு அரிது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு அழுத்தம் தருகிறோம். வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும், இரத்தச் சர்க்கரையை ஏற்றும். தொடங்குமுன் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்.பி.ஏ1சி-யும் (ஏறக்குறைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பாருங்கள். முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் வாரக்கணக்கில் முன்கூட்டிப் போடும் முறையைத் தவிர்ப்பது நல்லது. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தால், எண்டோகிரைன் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். கருத்தரிக்கும் நேரத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் அபாயம் கூடும். ஒன்றிரண்டு முட்டைக்காக அதைப் பணயம் வைக்க முடியாது.

14. வேற என்ன பக்கவிளைவு? கேன்சர் வருமா?

அடிக்கடி வருவது நீர் தேங்கல்: மோதிரம் இறுகும், மூட்டு வலிக்கும், காலையில் விரல் மரத்துப்போகும். தலைவலியும் வரலாம். இவை அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ போய்விடும். கடுமையான தலைவலியோடு பார்வை மங்கி வாந்தியும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடியிருக்கலாம், அரிதானது, ஆனால் காத்திருக்கக் கூடாதது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் தைராய்டு அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

சில வாரம் போடுவதால் புற்றுநோய் வந்ததாகச் சான்று இல்லை. ஆனால் இது செல்களை வளரச் செய்யும் ஹார்மோன் என்பதால், புற்றுநோய் இருப்பவர்களுக்கும் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் கொடுக்கவே கூடாது. அம்மாவுக்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் என்றால் முன்கூட்டியே பேசுங்கள்.

15. புரட்டாசி விரதம். இந்த ஊசியில மிருகச் சம்பந்தம் இருக்கா? மாமியார் கேட்கிறாங்க.

மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம்: இன்று கிடைக்கும் சோமாட்ரோபினை மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ பிரித்தெடுப்பதில்லை. மனித மரபணுவைப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்து ஆலையில் வளர்க்கிறார்கள். ஒரு சில தயாரிப்புகளுக்கு ஆய்வகத்தில் வளர்த்த விலங்குச் செல்கள் பயன்படுகின்றன, கண்டிப்பாக இருப்பவர்கள் தயாரிப்பின் பெயரைச் சொல்லி மருந்தாளரிடம் கேட்கலாம். 1985 வரை இறந்த மனிதர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்தார்கள். அதன்வழி சிலருக்குக் கொடிய மூளைநோய் தொற்றியது தெரிந்ததும் அது நின்றது. இன்றைய மருந்தில் அந்த அபாயம் இல்லை.

சைவமாக இருப்பது சிகிச்சைக்குத் தடையில்லை. நாள் முழுக்க எதுவும் சாப்பிடாத விரதத்தை மட்டும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் முட்டை எடுத்த நாளுக்கு முன்பின் இருப்பவர்களும், தள்ளி வையுங்கள்.

16. மெடிக்கல் எய்ட் இதுக்குக் காசு தருமா?

பெரும்பாலும் தராது. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் குழந்தையின்மைக்கு 902எம் என்ற குறியீடு உண்டு. அதில் ஹார்மோன் இரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே, விந்துப் பரிசோதனை, லேப்ராஸ்கோப்பி (வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), ஹிஸ்டெரோஸ்கோப்பி (கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) போன்றவை வரும். ஐ.வி.எஃப் அதில் இல்லை, அதனோடு போடும் இந்த ஊசியும் இல்லை. உண்மையான பிட்யூட்டரிக் குறைபாடு என்றால் (4-ஆம் கேள்வி) கதை வேறு. எண்டோகிரைன் மருத்துவரின் கடிதத்தோடு தனியாக விண்ணப்பியுங்கள். சேமிப்புக் கணக்கில் பணம் இருந்தால் அதிலிருந்து எடுக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கிளினிக்கிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. முட்டைக்காக இதைப் போடுவது மருந்தின் பதிவுபெற்ற பயன்பாட்டுக்கு வெளியே. மருத்துவர் தன் பொறுப்பில் எழுதலாம், தவறில்லை. ஆனால் 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி பலன், அபாயம், செலவு, மாற்று வழி எல்லாவற்றையும் உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல அவர் கடமைப்பட்டவர். மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

17. ஜிம்மில பாதி விலைக்குக் கிடைக்குது. ஸ்ப்ரேயும் இருக்காமே?

தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எந்த வெயிலில் கிடந்தது, யாருக்கும் தெரியாது. ஸ்ப்ரே, மாத்திரை என்று விற்பவை இன்னும் வீண். இவ்வளவு பெரிய புரதம் வயிற்றில் செரித்துப்போகும்.

காம்ரேட்ஸ் போன்ற நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொள்ளும் பெண்கள் கவனிக்க: வளர்ச்சி ஹார்மோன் போட்டி நாளிலும் மற்ற நாளிலும் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் எழுதியது என்பது மட்டும் போதாது.

18. வயித்தில பிள்ளை தங்கின பிறகும் போடணுமா? பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?

முட்டை முதிர்வு ஊசியோடு இது நின்றுவிடும். உடலிலிருந்து ஓரிரு நாளில் நீங்கிவிடுவதால், கருவை உள்ளே வைக்கும்போது மிச்சம் இருக்காது. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியே தன் வகை வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்துகொள்ளும். இதுவரையிலான சோதனைகளில் குழந்தைகளுக்குக் கூடுதல் குறை எதுவும் தெரியவில்லை, ஆனால் அவற்றில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை சிறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

19. போட்டும் இரண்டே முட்டை. அடுத்த தடவை டோஸைக் கூட்டச் சொல்லட்டுமா?

கூட்டினால் வீக்கமும் சர்க்கரையும் கூடும் என்று உறுதியாகச் சொல்லலாம்; முட்டை கூடும் என்று சொல்ல முடியாது. அதற்குப் பதில் நடந்து முடிந்த சுற்றின் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனில் எத்தனை ஃபாலிக்கிள் தெரிந்தன, எத்தனை முட்டை வந்தன? ஆறு தெரிந்து இரண்டு வந்திருந்தால் முதிர்வு ஊசியின் நேரமோ அளவோ தவறியிருக்கலாம்; இரவு 10 மணி என்று எழுதியதை 11-க்குப் போட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். ஆரம்பத்திலேயே இரண்டுதான் தெரிந்தது என்றால் எந்த ஊசியும் மூன்றாவதைப் புதிதாக உருவாக்காது. வந்த இரண்டும் முதிர்ந்திருந்து, கருவாகியும் நின்றுபோனால், வயதையும் விந்தணுவையும் பற்றிப் பேச வேண்டும்.

அதன்பின் இருப்பவை: முறையை மாற்றி இன்னொரு சுற்று, ஒரே மாதத்தில் இரண்டு முறை தூண்டி முட்டை சேர்த்தல், தானமாகப் பெற்ற முட்டை. கேப் டவுனில் குரூட் ஸ்கூர், டைகர்பெர்க், பிரிட்டோரியாவில் ஸ்டீவ் பைக்கோ போன்ற அரசு மருத்துவமனைகளிலும் ஐ.வி.எஃப் உண்டு, வயது வரம்பும் காத்திருப்பும் அங்கே இருக்கும் என்பதால் பரிந்துரைக் கடிதத்தை இன்றே கேளுங்கள். தானமுட்டை என்ற பேச்சு வரும்போது, இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து கேளுங்கள். மனைவி மட்டும் தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்து வீட்டில் விளக்கும் நிலைமை வேண்டாம்.